சாய்வறி கருவியும் அதன் மிகையுணர்வும்

விளையாட்டுக் கருவி ஒன்றன் பழுதைப் பற்றிக் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகை விளைக்கலாம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வான் ஒருவன், சங்கநூற் பொருளையோ இலக்கண முடிபையோ எடுத்துக்கொள்ளாது, வண்ணப் பொத்தான்கள் ஐந்து பதித்த பிளாஸ்டிக் கித்தாரைக் கையிலெடுத்தது என்னை என்று வினவுவாரும் உளராவர். அவர்க்கு யான் கூறும் விடை எளியது. கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் அக்கருவி காரணமாக எங்கள் வீட்டில் ஒரு மனத்தாங்கல் நேர்ந்தது. அதனைத் தீர்க்கும் வழி அக்கருவியின் வயிற்றுள்ளே கிடந்தமையால், அதனைத் திறந்து கற்க வேண்டியவனானேன். கற்றவற்றுட் சில பிறர்க்கும் பயன்படுமெனத் தோன்றவே ஈண்டு வரைகின்றேன்.

அக்கருவியை அறியாதார் பொருட்டு முதற்கண் அதன் வரலாற்றைச் சிறிது கூறுவேன். 1999-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டுக் கொனாமி நிறுவனத்தார் 'கித்தார் ஃப்ரீக்ஸ்' என்னும் விளையாட்டைப் பொது விளையாட்டுக் கூடங்களில் வைத்தனர். மூன்று பொத்தான்களும் மீட்டுதற்குரிய பட்டை ஒன்றும் உடைய போலிக் கித்தாரை ஏந்தி, திரையில் வரும் குறிகளுக்கேற்ப மீட்டுதலே அவ்விளையாட்டு. உரிய இடத்தில் கித்தாரின் கழுத்தை மேல்நோக்கி உயர்த்துவார்க்குத் தனி மதிப்பெண் உண்டு. மேடைக் கலைஞர் உணர்ச்சி மீதூரத் தம் கருவியை வானோக்கி நிமிர்த்துவதைக் கண்டே இவ்வமைப்பைச் செய்தனர் போலும். பின்னர் 2005-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அந்நாளில் இருந்த ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தார் ஆக்க, ரெட் ஆக்டேன் நிறுவனத்தார் வெளியிட, 'கித்தார் ஹீரோ' என்னும் விளையாட்டுத் தோன்றியது. அதற்குரிய கருவி, கிப்சன் எஸ்.ஜி. என்னும் மெய்யான கித்தாரின் வடிவைப் பின்பற்றியது. அதில் நரம்பில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், செம்மஞ்சள் என ஐந்து பொத்தான்கள் கழுத்தில் உள. வலக்கைக்கு மீட்டுபட்டை ஒன்றும், இசையை நடுங்கச் செய்யும் கோல் ஒன்றும் உள. ஒருவர் கண்ணுக்கும் புலனாகாமல் உள்ளே உறையும் உறுப்பு ஒன்றும் உண்டு. கழுத்து உயர்ந்ததா, இல்லையா என்று அறிவிப்பதே அதன் தொழில். அதனையே இக்கட்டுரையிற் சாய்வறி என வழங்குகின்றேன். ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தாரே 2007-ஆம் ஆண்டில் 'ராக் பேண்ட்' என்னும் மற்றொரு விளையாட்டை ஆக்கினர். அதில் கித்தாரோடு மத்தளமும் ஒலிவாங்கியும் சேர்ந்தன. தனித்து ஆடிய ஆட்டம் வீட்டார் கூடி ஆடும் ஆட்டமாயிற்று.

கழுத்தை உயர்த்துவதால் என்ன பயன்? கித்தார் ஹீரோவில் ஒரு குறியைச் சரியாக மீட்டினால் 50 மதிப்பெண். பிழையின்றித் தொடர்ந்து 10 குறிகளை மீட்டினார்க்கு மதிப்பெண் இருமடங்கு, 20-க்கு மும்மடங்கு, 30-க்கு நான்மடங்கு. இடையிடையே விண்மீன் வடிவிற் குறிகள் தொடராக வரும். ஒரு தொடரைப் பிழையற முடிப்பார்க்கு ஆற்றற்கலம் காற்பங்கு நிறையும். அரைப்பங்கேனும் நிறைந்தபின் கழுத்தை உயர்த்தின், சேமித்த ஆற்றல் வெளிப்பட்டு, மதிப்பெண் பின்னும் இருமடங்காகும். நான்மடங்கு எண்மடங்காகும் என்க. ஆகவே, குறிகள் செறிந்து வரும் இடம் பார்த்துக் காத்திருந்து உயர்த்துதலே வல்லார் செயல். செலக்ட் எனப்படும் சிறு பொத்தானை அழுத்தியும் இதனைச் செய்யலாம். இச்சிறு பொத்தானை மறவாதிருக்குமாறு வேண்டுகின்றேன், பின்னர் இதனாற் கருமம் உண்டு.

ராக் பேண்டிலோ இவ்வாற்றலுக்கு மதிப்பெண்ணினும் மேலான ஒரு பயன் உளது. குழுவில் ஒருவர் பிழைமேற் பிழை செய்து வீழ்ந்துவிடுவாராயின், மற்றொருவர் தாம் சேமித்த ஆற்றலை உடனே வெளிப்படுத்தி அவரை மீட்கலாம். அங்ஙனம் மீட்பார் இலராயின் சிறிது நேரத்திற் குழு முழுவதும் வீழ, பாட்டு இடையில் நின்றுபோம்.

எங்கள் வீட்டில் நேர்ந்தது இதுவே. என் தமையனார் பழம்பொருளாக வாங்கிவந்த தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் மத்தளமும், யான் கித்தாரும், என் தங்கை பாட்டுமாக விடுமுறை மாலைகளைக் கழித்து வந்தோம். தங்கை ஆலயப் பாடகர் குழுவிற் பாடுபவளேயாயினும், அறியாத ஆங்கிலப் பாட்டுக்களின் விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் இடையிடையே தடுமாறுவாள். அப்பொழுது அவளை மீட்க வேண்டியவன் யான். யான் கழுத்தை உயர்த்துவேன். ஒன்றும் நிகழாது. ஏனெனின், அதற்குச் சில நொடிகள் முன்னரே, யான் உயர்த்தாத போதே, என் ஆற்றல் தானே வெளிப்பட்டுத் தீர்ந்திருக்கும். மூன்று மாலைகள் இவ்வாறு நிகழ்ந்தன. மூன்றாம் நாள் அவள் ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணா, உன் மதிப்பெண்ணுக்காகவே நீ அதை முன்னால் செலவழித்துவிடுகிறாய்" என்றாள். யான் மறுத்தேன். திரையிற் கண்டது வேறாக இருக்க, என் மறுப்பை யார் ஏற்பர்? தமையனாரோ, "உன் கைதான் நடுங்குகிறது" என்றார். பின் இரண்டு நாட்கள் அவள் பாட வரவில்லை.

எங்கள் கருவி எந்நிறுவனத்தார் செய்தது என்பது ஈண்டு வேண்டுவதன்று. பல கைகள் மாறி வந்த பழங்கருவி அது. அதன் முதுமையே அதன் பழுதுக்குக் காரணம்.

இனிச் சாய்வறியின் இயல்பைக் காண்போம். இது பெரும்பாலும் இருவகைப்படும். முதல்வகை மிக எளியது. விரல்நுனி அளவுள்ள ஒரு சிறு குழல், அதனுள்ளே உருளும் உலோகக் குண்டு, ஒருமுனையில் இரண்டு மின்கம்பிகள், இவ்வளவே. குழல் சாயுங்கால் குண்டு உருண்டுவந்து இரு கம்பிகளையும் இணைக்க, மின்னோட்டம் செல்லும். குண்டுக்கு மாறாகப் பாதரசத்துளி இட்ட குழல்களும் உண்டு. கொத்தனார் கையில் வைத்திருக்கும் ரசமட்டம் என்னும் கருவியின் பெயர் ஈண்டு நினைவுக்கு வருதல் இயல்பே. கொத்தனாரது கருவி மட்டத்தைக் கண்ணுக்குக் காட்டும். இக்குழலோ மட்டம் மாறியதை மின்னோட்டத்தால் அறிவிக்கும். அது கூறவல்லது 'ஆம்', 'அன்று' என்னும் இரண்டே சொல். எத்தனை பாகை சாய்ந்தது என்று அதனைக் கேட்டாற் கூறாது.

இரண்டாம் வகை முடுக்கமானி எனப்படுவது. மணலிற் கிடைக்கும் சிலிக்கானைச் செதுக்கி, மிக நுண்ணிய எடைத்துண்டு ஒன்றை மிக நுண்ணிய வில்களிலே தொங்கவிட்டிருப்பர். கருவி அசையும்போதோ சாயும்போதோ அவ்வெடை தன் இடத்தினின்றும் சிறிது விலகும். விலகிய அளவு மின்தேக்க மாற்றமாக அளக்கப்படும். 2006-ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனத்தார் வெளியிட்ட வீ என்னும் விளையாட்டுப் பெட்டியின் கைக்கருவியில் இத்தகைய முடுக்கமானி உண்டு. அது மூன்று திசைகளில் அளப்பது, புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு வரை அறியவல்லது. வீ பெட்டிக்கென வந்த கித்தாரில் அக்கைக்கருவியையே உடலின் குழியிற் செருகிவைப்பர். கித்தாரின் சாய்வை அறிவதும் அக்கைக்கருவியின் முடுக்கமானியே.

இவ்விருவகைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அதனை விளங்கிக் கொள்ளாதார் எத்தனை முறை திருகாணிகளைக் கழற்றி மாட்டினும் பயனில்லை. சாய்தல் வேறு, அசைதல் வேறு என்பது நமக்குத் தெளிவு. சாய்வறிக்கு அது தெரியாது. ஓடும் பேருந்து திடுமென நிற்குங்கால் மேற்பிடியில் தொங்கும் வார் முன்னோக்கிச் சாய்கின்றது. தரை சரிந்தாலும் அது அவ்வாறே சாயும். வாரை மட்டும் பார்த்திருப்பான் ஒருவன் பேருந்து நின்றதோ, மேட்டிலிருந்து இறங்கியதோ எனத் துணிதல் இயலாது. புவியீர்ப்பின் விளைவும் முடுக்கத்தின் விளைவும் ஒரு கருவியின் உள்ளே இருந்து நோக்குவார்க்கு ஒன்றே என்னும் இவ்வுண்மையை ஐன்ஸ்டைன் 1907-ஆம் ஆண்டில் எண்ணியறிந்து, அதன்மேல் தம் பெருங்கொள்கையை எழுப்பினார். அப்பேருண்மையே என் தங்கையின் பாட்டையும் கெடுத்தது என்றால் மிகையாகாது.

இலக்கணம் பயில்வார்க்கு இதனை வேறொரு வகையால் விளக்கலாம். 'செய்யும்' என்னும் வாய்பாட்டுச் சொல் முற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும். 'வரும்' என்ற அளவில் நிறுத்தினால், ஒரு தொடரின் முடிவைக் கேட்டோமா, தொடக்கத்தைக் கேட்டோமா என்று கூற எவராலும் இயலாது. 'பேருந்து வரும்' என்பதில் முற்று. 'வரும் பேருந்து' என்பதிற் பெயரெச்சம். அடுத்த சொல் வருந்துணையும் பொறுத்திருப்பவனே பொருள் துணிவான். சாய்வறியின் ஒற்றைக் கணத்துச் செய்தியும் அத்தகையது. உண்மையாக உயர்த்திய கழுத்துச் சிறிது நேரம் உயர்ந்தே நிற்கும். அதிர்ச்சியோ வந்த வேகத்தில் மறையும். பொறுத்திருந்து கேட்கும் அமைப்புச் செம்மையாக உள்ள கருவி ஏமாறாது. பொறுமை குறைந்த கருவியே மிகையுணர்வுடையதென நம்மாற் பழிக்கப்படுகின்றது.

எத்துணைச் சிறிய அதிர்ச்சி போதும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்து வியந்தேன். புவியீர்ப்பின் முழு அளவை 1 எனக் கொள்வோம். கழுத்துக் கிடைமட்டமாக இருக்கும்போது அதன் நீளவாட்டில் முடுக்கமானி காட்டும் அளவு 0. 30 பாகை உயர்ந்தால் 0.5. 45 பாகையில் 0.71. செங்குத்தாக நின்றால் 1. கருவி 45 பாகையை எல்லையாகக் கொண்டதென வைத்துக்கொள்வோம். ஆடுபவர் எவரும் கழுத்தைக் கிடைமட்டமாகப் பிடிப்பதில்லை. தோள்வாரின் இயல்பால் அது 20 பாகையளவு உயர்ந்தே நிற்கும், அப்போதே அளவு 0.34. எல்லையைத் தொட எஞ்சுவது 0.37. இனி, மீட்டும் வேகத்தில் கருவி நொடிக்கு நான்கு முறை, கழுத்தின் வாட்டத்தில் இருபுறமும் 6 மில்லிமீட்டர் ஆடுகின்றதெனின், அவ்வாட்டத்தின் உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 0.39 பங்காகும். எல்லை கடந்தாயிற்று! ஆறு மில்லிமீட்டர் என்பது பென்சில் ஒன்றன் கனத்திற்கு மேற்பட்டதன்று. உணர்ச்சியோடு காலால் தாளமிடுவார் கருவி இதனினும் மிகுதியாக ஆடும். ஆகவே வாரைச் சிறிது நீட்டியோ குறுக்கியோ கழுத்தைத் தாழ்த்திப் பிடிப்பதே செலவற்ற முதல் மருந்து. பழுது என்று கருதப்படுவனவற்றுட் சில இம்மருந்திலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் கருவியின் நோய் அதில் தீரவில்லை. யான் கழுத்தை நிலத்துக்கு இணையாக, காண்பார் நகைக்கும்படி பிடித்துப் பார்த்தேன், ஆற்றல் அப்போதும் தானே வெளிப்பட்டது. ஆதலின் முறையாக ஆராயத் தலைப்பட்டேன். நோய்நாடி நோய்முதல் நாட வேண்டும் என்று பள்ளிப் பருவந்தொட்டு ஒப்பித்து வந்தவன், அதனை ஒருமுறையேனும் செய்து பார்த்தது அன்றுதான்.

முதலில் ஐயுறத் தக்கது சாய்வறி அன்று, முன்னர் மறவாதிருக்க வேண்டிய அந்தச் செலக்ட் பொத்தானே. அதுவும் அதே வேலையைச் செய்வதன்றோ? தூசும் வியர்வையும் புகுந்து அது பாதி அழுந்திய நிலையிற் சிக்கிக்கொண்டாலும், மீட்டும் கையின் உள்ளங்கை அதன்மேற் பட்டாலும், விளைவு ஒன்றே. திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்க்கு இரண்டும் வேறாகத் தோன்றா. இதனை அறியாது சாய்வறியின் கம்பியை வெட்டிவிட்டு, நோய் தீராமையால் மயங்குவாரும் உளராதல் கூடும். கம்பிவழியாகக் கணினியோடு இணையும் கருவியாயின் இதனைக் காண்பது எளிது. கணினியில் விளையாட்டுக் கருவிகளைச் சோதிக்கும் பலகணி ஒன்றுண்டு. அதைத் திறந்து வைத்தால் பொத்தான் ஒவ்வொன்றும் தனித்தனி விளக்காக ஒளிரும். எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்குரிய கித்தார்களில் சாய்வின் அளவு வலப்புறக் கைக்கோலின் மேல்கீழ் அசைவாகவும், நடுக்குகோலின் அளவு அதன் இடவல அசைவாகவும் கணினிக்குச் செல்லும். ஆகவே எது தன்னிச்சையாய்த் துடிக்கின்றது என்பது கண்முன்னே விளங்கும்.

எங்கள் கருவியில் பொத்தான் குற்றமற்றதாக இருந்தது. பின் மூன்று சோதனைகள் செய்தேன். கருவியை மேசைமேற் கிடத்தி, தொடாமல் ஐந்து நிமிடம் பார்த்திருந்தேன், சாய்வுக்குறி அசையவில்லை. சாய்வறி முற்றும் கெட்டுச் சிக்கியிருக்கவில்லை என்பது இதனால் தெளிவு. அடுத்து, மேசைமேற் கிடந்தபடியே மீட்டுபட்டையை விரைந்து அடித்தேன். குறி இடையிடையே மின்னிமறைந்தது. அதிர்ச்சி உள்ளே சேர்கின்றது என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவதாக, மெல்ல, மிக மெல்ல, அதிர்வு சிறிதுமின்றிக் கழுத்தை உயர்த்தி, எந்தப் பாகையிற் குறி தோன்றுகின்றது என்று அளந்தேன். இதற்கு யான் பயன்படுத்திய கருவி பள்ளிப் பெட்டியிலிருந்த பாகைமானியும், நூலிற் கட்டிய ஒரு சாவியுமே. கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையைச் சாவி செய்தது. குறி தோன்றியது 20 பாகையில்!

மூன்றாம் சோதனையே உயிரானது. மெல்ல உயர்த்தும்போது முடுக்கம் இல்லை, சாய்வு மட்டுமே உண்டு. அப்போதும் முற்படக் குறி தோன்றினால் எல்லையே தவறிவிட்டதென்று பொருள். மெல்ல உயர்த்துங்கால் 45, 50 பாகையில் தோன்றி, விளையாடுங்கால் மட்டும் முன்னரே தோன்றுமாயின், எல்லை செம்மையானது, குற்றம் அதிர்ச்சியினுடையது. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எங்கள் கருவிக்கோ இரண்டும் வேண்டியிருந்தன.

மின்கலங்களை எடுத்துவிட்டு, நட்சத்திர வாயுடைய சிறு திருப்புளியால் பின்புறத் திருகாணிகளைக் கழற்றினேன். ஈண்டு ஒரு சொல். இத்தகைய கருவியைக் குலுக்கினால் உள்ளே 'கிலுக்' என்றொரு மெல்லொலி கேட்கலாம். எதுவோ உடைந்துவிட்டதென்று அஞ்சவேண்டா, அது குழலுள் உருளும் குண்டின் ஓசையாக இருத்தல் கூடும். அன்றியும், உள்ளே இருப்பது குண்டோ பாதரசமோ என்று தெரியாதவரை குழலை உடைக்கவோ, நெருப்பிற் காட்டவோ கூடாது. பாதரசத்தின் ஆவி நஞ்சு.

எங்களது குண்டுக்குழலே. அது பொருந்தியிருந்த சிறு சுற்றுப்பலகையை இரண்டு பிளாஸ்டிக் தூண்கள் தாங்கியிருந்தன. அவற்றுள் ஒன்று அடியோடு முறிந்திருந்தது. பலகை ஒருபுறம் தொய்ந்து, ஏறக்குறைய 25 பாகை சரிந்து கிடந்தது. காரணம் அதுவே. குழல் எவ்வளவு சரித்துப் பொருத்தப்படுகின்றதோ அவ்வளவே அதன் எல்லை. 45 பாகைக்கு வைத்த எல்லை 25 பாகை தொய்ந்ததால் 20 ஆயிற்று. கித்தாரை 15 பாகை உயர்த்திப் பிடிப்பார்க்கு எஞ்சிய காப்பு 5 பாகை மட்டுமே. பழுதற்ற கருவியில் அக்காப்பு 30 பாகையாக இருந்திருக்கும், குண்டை உருட்டப் புவியீர்ப்பில் 0.58 பங்கு அதிர்ச்சி வேண்டும். தொய்ந்த கருவிக்கோ 0.09 பங்கே போதும். மேலும் ஒற்றைத் தூணில் நின்ற பலகை, மீட்டுந்தோறும் தானும் துள்ளியது. கை நடுங்கியது என்று தமையனார் கூறியது முற்றும் பொய்யன்று. நடுங்கியது கையன்று, பலகை.

செய்த மருத்துவத்தைச் சுருங்கக் கூறுவேன். முறிந்த தூணைப் பசையிட்டு நிறுத்தி ஓரிரவு உலரவிட்டேன். பலகைக்கும் உடலுக்கும் இடையே மெல்லிய நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்றை வைத்து அதிர்ச்சியைத் தணித்தேன். பஞ்சை இறுக அடைத்தல் கூடாது. இறுகினால் அதிர்ச்சியைத் தணிப்பதற்கு மாறாக அதனைச் சுமந்து செல்லும். பின் பலகையின் அடியில் திருமண அழைப்பிதழ் அட்டையை வெட்டிச் செருகி, எல்லையைச் சரிசெய்தேன். முதன்முறை மிகையாகச் செருகிவிட்டமையால், கழுத்தைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக உயர்த்தினாலன்றிக் குறி தோன்றவில்லை. அதனைச் சோதிக்கப் போய் மேசைவிளக்கை இடித்து வீழ்த்தி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிகையுணர்வைப் போலவே குறையுணர்வும் நோயே. அட்டையில் ஒரு மடிப்பை எடுத்தபின் 50 பாகைக்கு வந்து நின்றது.

ஈயம் பற்றவைக்க வல்லார்க்கு இன்னொரு வழியும் உண்டு. குழலிலிருந்து வரும் கம்பியிடையே 10 கிலோ ஓம் மின்தடையும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இணைத்தால், ஒரு நொடியிற் பத்திலொரு பங்கு நேரம் பொறுத்துக் கேட்கும் இயல்பு கருவிக்கு வரும். குண்டு துள்ளுவதால் எழும் கணநேரத் தொடுகைகள் அதில் அமுங்கிவிடும். மேற்கூறிய 'அடுத்த சொல்லுக்குப் பொறுத்தல்' இதுவே. மீட்டுபட்டையின் கம்பியில் இவ்வாறு செய்தலாகாது. அங்கே அத்துணைத் தாமதமும் தாளத்தைக் கெடுக்கும். ஆற்றலை வெளிப்படுத்துதற்கு அத்தாமதம் பொருட்டன்று.

வீ பெட்டியின் கித்தார் உடையார் திருப்புளியைத் தேடுமுன், கைக்கருவி குழியில் இறுகப் பொருந்தித் தாழிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பாராக. அங்கே சாய்வறி கைக்கருவியினுள்ளே இருப்பதால், அது குழியில் ஆடினால் சாய்வறியும் ஆடும். அதன் ரப்பர் உறையைக் கழற்றாமல் செருக முயன்றாலும் செம்மையாக அமையாது.

கம்பியை வெட்டி விடுதலே எளிதென்பாரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். மதிப்பெண்ணைப் பெரிதெனக் கொண்டு ஆடும் வல்லுநர் பலர் சாய்வறியை விரும்பாது, உள்ளங்கையாற் சிறு பொத்தானை அழுத்தியே ஆற்றலை வெளிப்படுத்துவர். குறித்த தாளத்திற் குறித்தபடி செய்யப் பொத்தானே உகந்தது. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் 'குளோன் ஹீரோ' என்னும் விளையாட்டில் எவ்வசைவு எச்செயலுக்கு என்பதை ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாமாதலின், ஒரு கம்பியையும் தொடாமலே சாய்வை நீக்கிவிடலாம். அவர்க்கு அது தகும். ஆயினும், கூடத்தில் வீட்டார் சூழ நின்று பாடும் ஆட்டத்திற் கழுத்தை உயர்த்துதல் மற்றவர்க்கும் ஓர் அறிவிப்பாகின்றது. பொத்தானை அழுத்தும் விரலை யாரும் காண்பதில்லை. எங்கள் வீட்டில் எழுந்த ஐயம், யார், எப்போது, எதற்காகச் செலவழித்தார் என்பது பற்றியதன்றோ? ஆகவே யான் கம்பியை வெட்டவில்லை.

பசை உலர்ந்த மறுநாள் தங்கையை அழைத்து, முறிந்த தூணையும் தொய்ந்த பலகையையும் முன்னரே எடுத்து வைத்திருந்த படத்திற் காட்டினேன். பாகைமானியை அவள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். அவள் இருமுறை அளந்தாள். ஒன்றும் கூறாமல் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டாள். அன்றைய இரண்டாம் பாட்டின் நடுவில், வழக்கம்போல் விரைந்த அடிகளில் தடுமாறி வீழ்ந்தாள். ஆற்றற்கலம் முக்காற்பங்கு நிறைந்து அப்படியே இருந்தது. கழுத்தை உயர்த்தினேன். திரையில் அவள் பகுதி மீண்டும் ஒளிர்ந்தது. பாட்டு முடியும்வரை அவள் நிறுத்தவில்லை.

அழைப்பிதழ் அட்டை இன்னும் அக்கருவியின் உள்ளேயே இருக்கின்றது. மழைக்காலத்து ஈரத்தில் அது நெகிழக்கூடும். அடுத்த விடுமுறையில் ஊர் சென்றதும் சாவியையும் நூலையும் எடுத்து மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்க எண்ணியுள்ளேன்.